ஆறாத கண் புண்ணுக்கு எந்த வழி? திருகோணமலையிலிருந்து ஓர் ஒப்பீடு

அப்பாவின் வலக் கண்ணில் புண் இருப்பதாகக் கிளினிக்கில் சொன்ன அன்று, "நோவே இல்லையே பிள்ளை" என்று அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டோம். அதற்கு எட்டு மாதங்களுக்கு முன் அவருடைய நெற்றியிலும் வலக் கண் இமையிலும் அக்கி வந்து ஆறியிருந்தது. பதினாறு வருடமாகச் சீனி வருத்தமும் உண்டு. கண்ணின் மேற்பரப்பில் சிறு கீறல் விழுந்தாலே ஒருவரால் கண்ணைத் திறக்க முடியாது. ஆனால் அந்தக் கீறல் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் மூடிவிடும். அப்பாவின் புண் மூன்று கிழமையாகியும் மூடவில்லை, வலிக்கவும் இல்லை. வலி தெரியாமற் போனதும் புண் ஆறாமல் நின்றதும் ஒரே காரணத்தால் வந்தவை என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

அதற்கடுத்த மூன்று மாதங்களில் வைத்தியர்கள் எங்கள் முன் பல வழிகளை வைத்தார்கள். ஒவ்வொன்றையும் விசாரித்து, செலவையும் பயணத்தையும் கணக்கிட்டு, வீட்டில் வாதாடித்தான் முடிவெடுத்தோம். எங்களைப் போல நிலாவெளியிலோ மூதூரிலோ கிண்ணியாவிலோ இருந்துகொண்டு இதே தீர்மானத்தின் முன் நிற்கும் குடும்பங்களுக்கு அந்த ஒப்பீடு பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இமையின் ஒரு பகுதியைத் தைத்து மூடும் சிறு சத்திரசிகிச்சையை நாங்கள் எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்தோம், உணர்ச்சி இழந்த கண்ணுக்கு அந்த வரிசை பிழையானது.

விழிவெண்படலம் என்பது கருவிழிக்கு முன்னே கைக்கடிகாரக் கண்ணாடியைப் போலப் பொருந்தியிருக்கும் தெளிவான படலம். அதன் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புடையது; அதைப் போர்த்தியிருக்கும் மேலணி அதிலும் பத்திலொரு பங்குதான். இந்த மேலணி ஓயாமல் உதிர்ந்து புதிதாக வளர்ந்துகொண்டிருக்கும். வளர்வதற்கான மூலக் கலங்கள், கண்ணின் கருமையும் வெண்மையும் சந்திக்கும் விளிம்பில் இருக்கின்றன. ஐந்தாவது மண்டை நரம்பின் கிளைகள் இந்தப் படலத்தில் மிக அடர்த்தியாகப் பரவியிருக்கின்றன. அவை வலியை அறிவிப்பதோடு நிற்பதில்லை. மேலணிக் கலங்கள் பெருகுவதற்குத் தேவையான பொருட்களைச் சுரந்து, இமை கொட்டவும் கண்ணீர் சுரக்கவும் தூண்டுவதும் அவைதாம். அக்கியோ ஹேர்பிஸ் வைரசோ நீண்ட கால நீரிழிவோ அந்த நரம்பைப் பழுதாக்கும்போது, புண் ஆறுவதற்கான ஊட்டமும், புண் இருப்பதைச் சொல்லும் வலியும் சேர்ந்தே இல்லாமற் போகின்றன. இரண்டு கிழமைக்கு மேலும் மூடாத மேலணிப் புண்ணை வைத்தியர்கள் தனி நோயாகவே கருதுவது இதனாலேயே. அதற்குப் பிறகு காத்திருந்தால் அடியிலுள்ள படை கரையத் தொடங்கலாம், சிலருக்கு விழி துளைபட்டும் போகலாம்.

ஆகவே எந்தச் சிகிச்சை என்று கேட்பதற்கு முன், இந்தக் கண்ணுக்கு எது இல்லாமற் போயிருக்கிறது என்று கேட்க வேண்டும். அப்பாவின் கண்ணில் புளோரசீன் சாயம் இட்டு நீல ஒளியில் பார்த்தபோது புண் பச்சையாக ஒளிர்ந்தது. பஞ்சின் நுனியைத் திரித்து விழியைத் தொட்டபோது இடக் கண் உடனே சுருங்கியது, வலக் கண் அசையவேயில்லை. பரிசோதனை முழுவதற்கும் ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை. எந்த நரம்பு, எந்த நோய் என்பதை அந்தப் பஞ்சுத் துணுக்கே காட்டித் தந்தது. கிருமித் தொற்று இல்லை என்பதையும் முதலில் உறுதிசெய்ய வேண்டும், ஏனெனில் தம்பலகாமத்து வயல்களில் அறுவடைக் காலத்தில் நெற்கூர் பட்டு வரும் பூஞ்சைப் புண்ணுக்கு இங்கே நான் ஒப்பிடும் வழிகளில் பெரும்பாலானவை பொருந்தா. சில கேடு செய்யும்.

இமை முழுதாக மூடுகிறதா என்பது வீட்டில் இருப்பவர்களே கண்டுபிடிக்கக்கூடியது. ஓர் இரவில் அம்மா டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, அப்பா தூங்கும்போது வலக் கண் ஒரு நூலளவு திறந்தே இருந்தது. அது கச்சான் வீசும் காலம். பகலெல்லாம் வெப்பக் காற்று, இரவெல்லாம் முகத்துக்கு நேரே மின்விசிறி. அந்த நூலளவு இடைவெளியின் வழியே கண் விடிய விடியக் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா சொன்னதைக் கேட்ட வைத்தியர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

முதல் வழி, ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தவற்றில் சிலவற்றை நிறுத்துவது. இதை ஒரு சிகிச்சையாக எங்கள் வீட்டில் எவரும் எண்ணவில்லை. அப்பாவின் பையில் ஐந்து துளிமருந்துக் குப்பிகள் இருந்தன. அவற்றில் நான்கில் பென்சல்கோனியம் குளோரைட் என்ற பாதுகாப்புப் பொருள் இருந்தது. கெட்டுப்போகாமல் மருந்தைக் காக்கும் அந்தப் பொருள், நாளுக்குப் பலமுறை விழும்போது மேலணிக் கலங்களையே நச்சாக்கித் தாக்கும். தேவையற்ற இரண்டை நிறுத்தி, மீதியைப் பாதுகாப்புப் பொருள் சேராத ஒற்றைப் பயன்பாட்டுக் குழாய்களாக மாற்றித் தந்தார்கள். இரவில் கண் களிம்பு பூசி, இமையை மெல்லிய பிளாஸ்டரால் ஒட்டி மூடினோம். மின்விசிறியின் திசையையும் மாற்றினோம். சிறு புண்களில் பல இந்த அளவிலேயே ஆறிவிடும் என்பதால், எவருக்கும் தொடக்கம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. கண் புண்ணுக்குத் தாய்ப்பால் விடுவதும் நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிவதும் தேன் தடவுவதும் எங்கள் பக்கத்தில் அன்போடு சொல்லப்படும் வைத்தியங்கள். பாட்டிமாரின் அன்பை நான் மறுக்கவில்லை. ஆனால் தோலுரிந்த விழியில் கிருமி நீக்கப்படாத எதுவும் விழக்கூடாது. கண்ணை மரக்கச் செய்யும் துளிமருந்தை வலிக்காக வீட்டில் போட்டுக்கொள்வதும், பார்மசியில் கேட்டு ஸ்டீரோயிட் துளி வாங்குவதும் அதைவிட ஆபத்தானவை: முன்னது புண்ணை ஆறவிடாது, பின்னது ஹேர்பிஸ் புண்ணைப் பரப்பிவிடும்.

கட்டுத்துணி போலப் பயன்படும் மென்மையான கொன்டாக்ட் லென்ஸ் அடுத்த வழி. பார்வைக்காக அணியும் லென்ஸ் அன்று அது; கொட்டும் இமை புதிய மேலணியை உரசிப் பெயர்த்துவிடாமல் காப்பதே அதன் வேலை. கிளினிக்கிலேயே போட்டுவிடுவார்கள், கண் வெளியே தெரியும், பார்வையும் மறையாது. கீறலுக்குப் பிறகு திரும்பத் திரும்பப் பெயரும் மேலணிக்கு நல்ல துணை. ஆனால் லென்சின் கீழே கிருமி வளரலாம். அதனால் அதோடு நுண்ணுயிர்க்கொல்லித் துளியும் போட்டுக்கொண்டு, சொன்ன நாளில் தவறாமல் போய்க் காட்ட வேண்டும். உணர்ச்சியுள்ளவர் தொற்று தொடங்கியதும் வலியால் அறிந்துகொள்வார்; அப்பாவுக்கு அந்த அறிவிப்பே வராது. கிணற்றடியில் தலையோடு ஊற்றிக் குளிப்பவருக்கும், கடலில் இறங்கித் தொழில் செய்பவருக்கும், மரவேலைத் தூளுக்குள் நிற்பவருக்கும் நான் இதை முதல் தெரிவாகச் சொல்லமாட்டேன். பதினைந்து நாளுக்கொருமுறை கிளினிக்குக்கு வரக்கூடிய, தண்ணீருக்குள் போகாத, விழியில் உணர்ச்சியுள்ள ஒருவருக்கு இது பொருந்தும்.

எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்டவை இரண்டு துளிமருந்துகள். ஒன்று நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம், மற்றது இன்சுலின்.

சீரம் துளியின் தர்க்கம் எளிது. கண்ணீரில் இருக்கும் வளர்ச்சிக் காரணிகள், விற்றமின் ஏ, பைப்ரோனெக்டின் ஆகியவை இரத்தத்தின் சீரத்திலும் இருக்கின்றன. ஆகவே குறைந்துபோன கண்ணீருக்குப் பதிலாக அதை ஊற்றலாம். 1984இல் உலர்கண் நோயாளரில் பயன்படுத்தப்பட்ட பிறகு இது உலகெங்கும் பரவியது. இரத்தத்தை உறையவிட்டு, சுழற்றிப் பிரித்து, பெரும்பாலும் 20 வீதமாக உப்புக் கரைசலில் நீர்த்து, சிறு குப்பிகளில் நிரப்பித் தருவார்கள். பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்கப்படாதது இதன் பெரும் நன்மை. பெரும் சிக்கலும் அதுவே. குப்பிகளை உறைநிலையில், மறை 20 பாகை செல்சியசில், மாதக்கணக்கில் சேமிக்கலாம். திறந்த குப்பியைக் குளிரில் வைத்துச் சில நாளுக்குள் முடித்துவிட வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைதட்டு மின்சாரம் போனால் உருகும், உருகியதை மறுபடி உறையவைத்துப் பயன்படுத்தக்கூடாது. தயாரிக்கும் இடம் தூரமானால், பனிக்கட்டிப் பெட்டியோடு பஸ்சில் வர வேண்டும். இரத்தச் சோகை உள்ளவருக்கும் நரம்பு கிடைக்காத முதியவருக்கும் இரத்தம் எடுப்பதே கடினம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், மருந்தென்று நாம் ஊற்றுவது கிருமிக்கு உணவாகிவிடும். இத்தனையையும் நடத்தக்கூடிய வீட்டுக்கு அது மிக நல்ல மருந்து. குறிப்பாகக் கண்ணீர் வற்றியவர்களுக்கு.

இன்சுலின் துளியை முதலில் கேட்டபோது எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அப்பா வயிற்றில் ஊசியால் போட்டுக்கொள்வதைக் கண்ணில் விடுவதா என்று அம்மா திகைத்தார். ஆனால் இன்சுலின் கண்ணீரில் இயல்பாகவே உண்டு. விழிவெண்படலக் கலங்களில் அதை ஏற்கும் வாங்கிகளும் உண்டு. 2017க்குப் பிறகு வெளியான நோயாளர் தொகுப்புகளில், மில்லிலீற்றருக்கு 1 அலகு என்ற மிக மென்மையான கரைசலை நாளுக்கு நான்கு முறை இட்டபோது, வேறு எதற்கும் மசியாத புண்கள் பல மூடின. இரத்தச் சீனி இறங்கியதாகக் காணப்படவில்லை. ஊசி போடும் குப்பியில் மில்லிலீற்றருக்கு 100 அலகு இருப்பதோடு மெட்டாகிரெசோல் என்ற பாதுகாப்புப் பொருளும் இருப்பதால், வீட்டில் ஒருவரும் இதைத் தாமாகக் கலக்கக்கூடாது. வைத்தியசாலையின் மருந்துத் தயாரிப்புப் பிரிவில், கிருமி நீக்கிய முறையில், வைத்தியரின் எழுத்தின் பேரில் மட்டுமே செய்ய வேண்டும். இந்த நோய்க்கென்று முறைப்படி அனுமதிக்கப்பட்ட மருந்தாக இல்லாமல், வைத்தியர் தம் பொறுப்பில் தரும் மருந்தாகவே இது இருக்கிறது. சாதாரண குளிரூட்டியில் வைக்கலாம், இரத்தம் எடுக்கத் தேவையில்லை, மூலப்பொருள் ஊரெங்கும் கிடைக்கிறது. சீரத்துக்கும் இதற்கும் இடையில், நரம்புப் பழுதால் வந்த புண்ணோடு திருகோணமலையில் வாழும் ஒருவருக்கு நான் இன்சுலினையே முதலில் கேட்கச் சொல்வேன்.

இந்த நோய்க்கென்றே உருவான மருந்தும் ஒன்று உண்டு. நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டுபிடித்த ரீட்டா லெவி மொன்டால்சினியும் ஸ்டான்லி கோயனும் 1986இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தப் பொருளைச் செயற்கையாகத் தயாரித்த செனெகெர்மின் துளிமருந்துக்கு ஐரோப்பா 2017இலும் அமெரிக்கா 2018இலும் அனுமதி அளித்தன. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாக நாளுக்கு 6 தடவை, 8 கிழமை இட வேண்டும். அனுமதிக்கு அடிப்படையான இரண்டு ஆய்வுகளில் 151 பேர் இருந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 70 வீதத்தினருக்கும், மருந்தில்லாத துளி பெற்றவர்களில் 28 வீதத்தினருக்கும் புண் முழுதாக ஆறியது. இவ்வளவு தெளிவான ஆதாரம் இந்த ஒப்பீட்டில் வேறெதற்கும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் ஒரு முறைச் சிகிச்சைக்கே பல பத்தாயிரம் டொலர் ஆகிறது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணா அனுப்பித் தருவதாகச் சொன்னார். குளிர் குறையாமல் வந்து சேர வேண்டிய மருந்துக்கு அவ்வளவு கடன் பட அப்பா சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

துளிமருந்தால் ஆகாதபோது பனிக்குடச் சவ்வு. குழந்தையைச் சூழ்ந்திருக்கும் பனிக்குடத்தின் உட்படலத்தை, சிசேரியன் செய்துகொண்ட தாயின் சம்மதத்தோடு பெற்று, எச்ஐவி, ஈரல் அழற்சி பி, சி, சிபிலிஸ் ஆகியவை இல்லை என்று உறுதிசெய்து, பதப்படுத்தி வைப்பார்கள். அதை விழியின் மேல் விரித்துத் தைக்கும்போது, ஒரு பக்கம் புதிய மேலணிக்குப் பாயாகவும் மறுபக்கம் அழற்சியைத் தணிக்கும் மருந்தாகவும் வேலை செய்கிறது. கண்ணில் இது முதலில் முயலப்பட்டது 1940இல். 1995க்குப் பிறகே பரவலானது. குழி விழுந்த புண்ணுக்கும் சுண்ணாம்பு பட்ட கண்ணுக்கும் இதன் மதிப்பு பெரிது. சவ்வு இருக்கும் நாட்களில் பார்வை மங்கலாக இருக்கும். இரண்டு மூன்று கிழமையில் அது கரைந்துவிடும், சிலருக்குப் புண் மூடுவதற்கு முன்பே கரைந்துவிட மறுபடி வைக்க நேரிடும்.

எங்களுக்கு அது கொழும்புப் பயணம். ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு ரயிலில் போய்க் காலையில் இறங்கினாலும், சத்திரசிகிச்சைக்கு ஒன்று, தையல் பார்க்க ஒன்று, மறுபடி ஒன்று என்று குறைந்தது மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் துணைக்கு ஒருவர். அப்போதுதான் உறவினர் ஒருவர், "அப்படியே கண்ணை மாத்திவிட்டால் என்ன?" என்று கேட்டார். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தான இயக்கத்தால் உலகுக்கே விழிவெண்படலம் அனுப்பும் நாடு இது. அந்த எண்ணம் எவருக்கும் வரும். ஆனால் நரம்பு உணர்ச்சியற்ற கண்ணில் புதிய படலத்தைத் தைத்தாலும் அதன் மேலணியும் அதே ஊட்டமின்மையால் உதிரும். துளைபட்ட கண்ணைக் காப்பாற்ற அவசரமாகச் செய்வது வேறு. ஆறாத புண்ணுக்கு அது மருந்தாகாது.

இனி, நாங்கள் பேசவே மறுத்த வழி. டொக்டர் முதல் மாதத்திலேயே சொன்னார்: வெளிப்பக்க மூலையில் மேல் இமையையும் கீழ் இமையையும் மூன்றிலொரு பங்கு சேர்த்துத் தைத்துவிட்டால், கண் காய்வதும் உரசுவதும் குறைந்து, புண் தானே மூட வாய்ப்பு அதிகம் என்று. மரக்கச் செய்யும் ஊசி போட்டு, அரை மணி நேரத்துக்குள் முடியும், மாவட்டத்திலேயே செய்யலாம், பனிப்பெட்டி வேண்டாம், நாளுக்கு ஆறு தடவை நினைவில் வைக்க வேண்டாம். வேண்டாதபோது பிரித்துவிடலாம். நடுவிலுள்ள திறப்பின் வழியாகப் பார்க்கவும், வைத்தியர் விழியைச் சோதிக்கவும் முடியும். அம்மா ஒரேயடியாக மறுத்தார். "கண்ணைத் தைச்சு மூடினா மனுசன் எப்படி வெளியில போறது?" தங்கையின் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம், படங்களில் அப்பாவின் ஒரு கண் பாதி மூடியிருக்கும் என்பது எனக்கும் உறுத்தியது, அதை ஒளிக்க விரும்பவில்லை.

நாங்கள் தயங்கிய ஒன்பது கிழமையில் புண்ணின் விளிம்பு தடித்துச் சுருண்டது, அடியிலுள்ள படை சற்று மெலிந்தது. டெல்லியில் 30 கண்களை இரு குழுவாகப் பிரித்துச் செய்து 2005இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி அப்போதுதான் அறிந்தேன். உணர்ச்சியற்ற புண்களில் பாதிக்குப் பனிக்குடச் சவ்வும், மறுபாதிக்கு இமைத் தையலோ கட்டு லென்சோ செய்யப்பட்டன. சவ்வுக் குழுவில் 15இல் 11உம், மற்றக் குழுவில் 15இல் 10உம் ஆறின. சிறிய ஆய்வுதான். ஆனால் மூன்று கொழும்புப் பயணத்துக்கும் ஊரிலேயே அரை மணி நேர வேலைக்கும் இடையில் நிற்கும் குடும்பத்துக்கு அந்த ஓர் எண்ணிக்கை வித்தியாசம் நிறையச் சொல்கிறது.

தையலை ஏற்க முடியாதவர்களுக்கு இடைவழிகள் உண்டு. இமையின் விளிம்பைப் பசையால் தற்காலிகமாக ஒட்டலாம். மேல் இமைத் தசையில் பொட்டுலினம் ஊசி போட்டு, சில கிழமைகளுக்கு இமை தானாகத் தாழும்படி செய்யலாம். ஒற்றைக் கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு இமையை முழுதாகத் தாழ்த்துவது பொருந்தாது. அவருக்குத் துளிமருந்தும் லென்சுமே முன்னுக்கு வரும். விளிம்பிலுள்ள மூலக் கலங்களே அழிந்த கண்ணுக்கு, உதாரணமாக வெற்றிலைச் சுண்ணாம்பு தெறித்த குழந்தையின் கண்ணுக்கு, இவை எவையும் நிரந்தரமாகப் போதா. மற்றக் கண்ணிலிருந்து சிறு துண்டெடுத்துப் பரப்பி நடும் சத்திரசிகிச்சை, 2012இல் ஹைதராபாத்தில் விவரிக்கப்பட்டது, அத்தகையவர்களுக்கானது. வேறிடத்து நரம்பை விழிக்குக் கொண்டுவந்து பொருத்தும் சத்திரசிகிச்சையும் இருக்கிறது. நீண்டது, மிகச் சில நிலையங்களில் மட்டும் நடப்பது.

பத்தாம் கிழமையில் அப்பாவே முடிவெடுத்தார். இமையின் வெளி மூன்றிலொரு பங்கைத் தைத்தார்கள், இன்சுலின் துளியும் தொடர்ந்தது. ஐந்தாம் நாள் சாயம் இட்டுப் பார்த்தபோது புண் பாதியாகியிருந்தது. பதினெட்டாம் நாள் பச்சை எதுவும் ஒளிரவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்ததால், எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். அடியில் ஒரு மெல்லிய தழும்பு நிற்கிறது, பத்திரிகை வாசிக்கும்போது எழுத்து சற்றுப் புகைமூட்டமாகத் தெரிவதாகச் சொல்கிறார். ஒன்பது கிழமைத் தயக்கத்தின் மிச்சம் அது என்றே நான் நினைக்கிறேன். திருமணப் படங்களில் அவர் கறுப்புக் கண்ணாடி போடாமலே நிற்கிறார்.

இப்போது எங்கள் முன் இருப்பது அந்தத் தையலைப் பிரிப்பதா என்ற கேள்வி. விழியில் உணர்ச்சி இன்னும் திரும்பவில்லை. கச்சான் முடிந்து வாடை தொடங்கும்வரை பொறுத்து, மறுபடி பஞ்சு நுனியால் தொட்டுப் பார்த்த பிறகு பேசலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை ஒவ்வொரு காலையிலும் அம்மா அவரை வாசலில் வெளிச்சத்துக்கு நேரே நிறுத்தி, சிவப்பு இருக்கிறதா, வெண்புள்ளி இருக்கிறதா, பீளை கட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார். இடக் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரிலுள்ள நாட்காட்டியின் திகதியைப் படிக்கச் சொல்கிறார். இவற்றில் ஒன்று மாறினாலும் அன்றைக்கே கிளினிக்.